நிறைந்தபடியே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

சிறுநீரகக் கல் உள்ள குழந்தைகளுக்குப் பால், தயிரை நிறுத்த வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் சொன்னதற்கு நன்றி. நாங்கள் பால், தயிரை நிறுத்தி அந்தத் தப்பைச் செய்தோம்.

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். போன பங்குனியில் என் எட்டு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். சூட்டு வலி என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம். மறுநாள் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போன பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல். பள்ளிக் கழிப்பறை நாறுகிறது என்று பாட்டில் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். சாயங்காலமானால் தட்டுவடை செட், ஊறுகாய். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். பாலில் உள்ள கால்சியமோ சாப்பாட்டிலிருந்து வரும், கல் உண்டாக்கும் ஆக்சலேட் என்ற உப்பைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும். இதை டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

சின்னக் கல் என்பதால் தண்ணீரும் வலி மருந்துமாகப் பத்து நாளில் தானே வந்துவிட்டது. சிறுநீரை வடிகட்டிய டீ வடிகட்டியில் சிக்கியது, மிளகைவிடச் சின்னதாக, முள்முள்ளாக. பெரிய கல் என்றால் அதை உடைக்க அதிர்வலை, லேசர் என்று போக வேண்டும். அப்புறம், வந்த கல்லைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து உண்டான கல் என்றால் அது பரம்பரையாக வருவது, வாழைத்தண்டுச் சாற்றை நம்பி உட்கார முடியாது. வலியோடு காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.