மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையா? காரைக்குடி பக்கம் சுற்றும் வாட்ஸப் செய்தி பொய்

"வேலையில்லாத எல்லோருக்கும் மாதம் 5,000 ரூபாய், 250 ரூபாய் கட்டி செயலியில் பதியுங்கள்" என்று காரைக்குடி, தேவகோட்டை குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு திட்டமே கிடையாது.

இருப்பது தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். 3 ஆண்டுகள் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வயது 40க்குள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45. பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது.

பலர் கோட்டைவிடுவது பதிவில்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பதிவும் நடப்பில் இருக்க வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால் பதிவு காலாவதியாகிவிடும், அத்தனை வருடக் காத்திருப்பும் வீண். மாற்றுத்திறனாளிகளுக்கு 1 ஆண்டு பதிவே போதும், தொகையும் கூடுதல். இது தெரியாமலே பலர் விண்ணப்பிப்பதில்லை என்பதுதான் வேதனை.

இந்தப் பதிவுக்கும், தனியார் வேலைகளுக்கான தமிழ்நாடு அரசு இணையதளத்துக்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை. காரைக்குடிக்காரர்கள் சிவகங்கை மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் நேரில் கேட்கலாம்.

பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால் உங்கள் பணம்தான் போகும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் உடனே இணைய மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.