கருப்பையை எடுப்பவருக்குச் சிறுநீர்ப்பையைப் பார்க்கவும் தெரிய வேண்டும்

கருப்பை நீக்க அறுவை சிகிச்சை செய்யும் மகளிர் நோய் மருத்துவர், முடித்த கையோடு சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். "அது யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை அறுவை மருத்துவர்) வேலை" என்பது எனக்கு ஒப்பாத பதில்.

உடலின் அமைப்பு அப்படி. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் யூரிட்டர் குழாய், கருப்பை வாய்க்குப் பக்கத்தில், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தூரத்தில், கருப்பைத் தமனிக்கு அடியில் நுழைந்து போகிறது. கருப்பையை எடுக்க அந்தத் தமனியைத்தான் கட்டி வெட்டியாக வேண்டும். பழைய சிசேரியன் தழும்போ, கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ இருந்து எல்லாம் ஒட்டிக்கிடந்தால், கைதேர்ந்தவருக்கும் தவறி யூரிட்டரிலோ சிறுநீர்ப்பையிலோ காயம் படலாம்.

தவறுவதில் எனக்குக் கோபமில்லை. தவறியதே தெரியாமல் மூடி அனுப்புவதில்தான் கோபம். சில நாள் கழித்து விலாவில் வலி, காய்ச்சல். இல்லையென்றால் பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீர் ஓயாமல் கசியும். அந்தப் பெண் வெளியே போவதையே நிறுத்திவிடுவாள்.

மேசையிலேயே பார்த்தால்? சிஸ்டோஸ்கோப் என்னும் அந்தக் கேமராக் குழாயில் இரண்டு யூரிட்டர் வாய்களும் தெரியும். ரத்தக்குழாய் வழியாகச் சாயம் ஏற்றியிருந்தால், இரண்டிலிருந்தும் நிறமேறிய சிறுநீர் விட்டுவிட்டுப் பீய்ச்சும். ஒரு பக்கம் வரவில்லையா? தையல் எங்கோ குழாயை இறுக்கியிருக்கலாம். அப்போதே தேடி அவிழ்க்கலாம். எல்லாம் இதில் சிக்காது என்பதும் உண்மை. சூட்டுக்கருவி பட்ட இடம் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், நாள் கழித்துத்தான் ஓட்டை விழும்.

1890களில் சிறுநீர்ப்பையில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்து, யூரிட்டருக்குள் குழாய் செலுத்திக் காட்டிய ஹோவர்ட் கெல்லி யார்? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மகளிர் நோய்ப் பேராசிரியர்! வேலி பிறகு போட்டதுதான். அமெரிக்காவில் 2011இல் இரண்டு துறையினருக்கும் பொதுவான உட்பிரிவாகப் பெண்களின் இடுப்புக்குழி மருத்துவத்தை அங்கீகரித்தார்கள்.

சரி, யார் உடம்பில் கற்றுக்கொள்வது? 1840களில் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி முதலான அடிமைப் பெண்கள்மேல் மயக்கமருந்தில்லாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் ஃபிஸ்துலா தையலை, அதாவது சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே விழும் ஓட்டையைத் தைப்பதை, கற்றார். இன்று சிமுலேட்டர் இருக்கிறது. முதலில் அதில் கை பழகட்டும், அப்புறம் மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்யட்டும்.

எல்லாவற்றையும் அவர்களே செய்யட்டும் என்று சொல்லவில்லை. சிறுநீர்ப்பையின் மேல்பகுதி கிழிந்தால் இரண்டு அடுக்காகத் தைத்து, ஒன்றிரண்டு வாரம் கதீட்டர் வைக்கலாம். யூரிட்டரே அறுந்தால், அதை மறுபடி சிறுநீர்ப்பையோடு இணைப்பது எப்போதாவது செய்பவர் கை வைக்கும் வேலையில்லை. யூராலஜிஸ்டைக் கூப்பிட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள்: "முடிந்ததும் சிறுநீர்ப்பையைப் பார்ப்பீர்களா டாக்டர்? ஏதாவது ஆனால் யார் வருவார்?" நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.