கர்ல் பேசுது, ஆப் பேச மாட்டேங்குது!

எலாஸ்டிக்சர்ச் (தேடல் சர்வர்) கிளஸ்டர், அதாவது சேர்ந்து ஓடுற சர்வர் கூட்டம், பச்சையில நிக்குது, எல்லாம் நலம்னு அர்த்தம். கர்ல் (கமாண்ட் லைன்ல முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கிற கருவி) போட்டா பதில் டக்குன்னு வருது. அதே முகவரியை அப்ளிகேஷன்ல குடுத்தா "நோட் எதுவும் கிடைக்கலை"ன்னு எக்செப்ஷன். மூணு நோடும் (கூட்டத்துல உள்ள சர்வருங்க) கல்லுக்குண்டாட்டம் இருக்கு, கிடைக்கலையாம்! உடனே ஒருத்தர் வந்து "எனக்கு கர்ல் ஓடுதே"ம்பார். ஓடத்தான் செய்யும், கர்ல் ஸ்னிஃபிங் பண்றதில்லையே ஐயா!

கிளையன்ட்ல (ஆப்புக்குள்ள இருந்து எலாஸ்டிக்சர்ச்சோட பேசுற லைப்ரரி) ஸ்னிஃபிங் ஆன்ல இருந்தா, நாம குடுத்த முகவரியில போய் "உங்க கூட்டத்துல யார் யார்?"னு கேட்கும். ஒவ்வொரு நோடும் தன் பப்ளிஷ் அட்ரஸை, அதாவது "என்னை இங்க கூப்பிடு"ங்கிற முகவரியைச் சொல்லும். டாக்கர்ல (புரோகிராம்களைக் கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டியில ஓட்டுற கருவி) அது 172.18.0.3:9200 மாதிரி உள்நெட்வொர்க் ஐபி, வெளிய இருந்து எட்டாது. அவ்வளவுதான், நாம குடுத்த நல்ல முகவரியைக் கடாசிட்டு அந்தப் பூட்டின கதவைத் தட்டிக்கிட்டே நிக்கும், டைம்அவுட் ஆகிற வரைக்கும். இணைப்பு அறுந்தா மட்டும் ஸ்னிஃப் பண்ணுன்னு வெச்சிருந்தா இன்னும் கொடுமை. நாள் முழுக்க ஓடும், நெட்வொர்க் ஒரு தடவை சிணுங்கினதும் மொத்தமா படுத்துடும்.

நோடுங்க விவரத்தைத் தர்ற நோட்ஸ் ஏபிஐயைக் கூப்பிட்டு அந்தப் பப்ளிஷ் அட்ரஸைப் பாருங்க. அதுக்கு அப்ளிகேஷன் ஓடுற மெஷின்ல இருந்து கர்ல் போடுங்க, உங்க லேப்டாப்ல இருந்து இல்ல! போகலைன்னா ஒவ்வொரு நோட்லயும் அந்த அட்ரஸைத் தீர்மானிக்கிற எச்டிடிபி பப்ளிஷ் ஹோஸ்ட் செட்டிங்கை மாத்தணும். முன்னாடி லோட் பேலன்சர் (கோரிக்கைகளை நோடுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது) இருந்தா ஸ்னிஃபிங்கையே அணைச்சிடுங்க. ஆப்பும் கன்டெய்னர்ல இருந்தா 'லோக்கல்ஹோஸ்ட்'னு எழுதாதீங்க, அது தன்னையேதான் கூப்பிட்டுக்கும்.

அடுத்தது சர்டிபிகேட். எலாஸ்டிக்சர்ச் பதிப்பு 8-லேர்ந்து டிஎல்எஸ், அதாவது எச்டிடிபிஎஸ்ஸோட மறையாக்கம், தானாவே ஆன். எச்டிடிபின்னு போனா சர்வர் வாயே திறக்காம இணைப்பை வெட்டும், காரணம் சர்வர் லாக்ல மட்டும் இருக்கும். கர்ல்ல 'மைனஸ் கே' போட்டுச் சரிபார்ப்பைத் தாண்டிட்டு "ஓடுது"ன்னா என்ன அர்த்தம்? கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள சர்ட்ஸ்ல சிஏ ஃபைல் (சர்வரோட சர்டிபிகேட் நிஜம்தானான்னு சரிபார்க்க உதவுறது) இருக்கு, அதை ஆப்புக்குக் குடுங்க. "வெரிஃபையை ஆஃப் பண்ணு"ன்னு புரொடக்ஷனுக்கு யோசனை சொல்றவங்களை என்ன செய்யறதுன்னே தெரியலை.

9300-ல கனெக்ட் பண்ணுன்னு சொல்ற பழைய டுடோரியலை மூடி வைங்க. அது நோடுங்க தங்களுக்குள்ள பேசிக்கிற போர்ட். அதுல பேசின டிரான்ஸ்போர்ட் கிளையன்டை 8-லயே எடுத்தாச்சு.

இதெல்லாம் சரியா இருந்தும் 400, அதாவது "உன் கோரிக்கை தப்பு"ங்கிற பிழை, வருதா? கிளையன்ட் 9, சர்வர் 8-ஆன்னு பாருங்க. புது கிளையன்ட் தன் பதிப்பு எண்ணை ஹெடர்ல (கோரிக்கையோட கூடப் போற குறிப்பு) அனுப்பும், பழைய சர்வர் ஏத்துக்காது. கர்ல் அந்த ஹெடரை அனுப்பறதே இல்ல. சர்வரை முதல்ல புதுப் பதிப்புக்கு ஏத்துங்க, கிளையன்ட் அப்புறம்.