எந்த ஃபங்ஷன்னு சொல்லித் தொலைங்களேன்!

"வர்ற ஞாயித்துக்கிழமை வீட்ல ஒரு ஃபங்ஷன், குடும்பத்தோட வந்துடுங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறார்கள். என்ன ஃபங்ஷன்? காதுகுத்தா, வளைகாப்பா, மஞ்சள் நீராட்டா, புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்களா?

இது தெரியாமல் எதை வாங்கிக்கொண்டு போவது? வளைகாப்பு என்றால் கண்ணாடி வளையல், பூ, பழம். மணிவிழா என்றால் வேட்டி, புடவை. கிரகப்பிரவேசம் என்றால் ஒரு குத்துவிளக்கு. அதுவும் பெரும்பாலும் விடியற்காலை முகூர்த்தம். பத்து மணிக்கு ஆடி அசைந்து போனால் ஹோமப் புகைகூட அடங்கியிருக்கும். காதுகுத்தில் தாய்மாமன் முறை வருபவர் வெறும் 501 ரூபாய்க் கவரோடு நுழைந்தால், பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். சீர்த் தட்டு எங்கே என்று!

இதாவது பரவாயில்லை. பதினாறாம் நாள் காரியத்தையும் ஃபங்ஷன் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ என்று ஒருவர் போய் இறங்கினால் யார் பொறுப்பு?

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்துக்காரர்கள் எவ்வளவோ மேல். ஆடி மாதத்தில் 'மொய் விருந்து' என்றே பத்திரிகை அடித்துக் கொடுக்கிறார்கள். வா, கறிச்சோறு சாப்பிடு, மொய் எழுது. ஒளிவு மறைவே இல்லை.

நம்மாட்களைத் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டாலும், "அட, சின்ன ஃபங்ஷன்தாங்க" என்பார்கள். அந்தச் சின்ன ஃபங்ஷனுக்கு வாசலில் இருபதடி ஃபிளக்ஸ், செண்டை மேளம், தலைக்கு மேலே ட்ரோன் கேமரா!