விமானம் இறங்கியதும் திரை ஏன் மஞ்சளாகிறது?

ஒற்றர் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் எரிச்சலும் வருகிறது. வாஷிங்டன் காட்சி நீலமாகக் குளுகுளுவென்று இருக்கும், விமானம் மேற்காசியாவில் இறங்கிப் பாங்கு ஓசை கேட்ட மறுநொடியே திரை முழுக்க மஞ்சள். அப்புறம் ஒரு சந்து, மொட்டைமாடியில் செல்போனோடு ஒருவன். எந்த ஊர் என்பது கீழே எழுத்துப் போட்டால்தான் தெரியும்.

சிஐஏ ஒற்றர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர் 'ஹோம்லேண்ட்' 2012இல் பெய்ரூட்டின் ஹம்ரா தெருவை ஆயுதக்காரர்கள் திரியும் இடமாகக் காட்டியது. உண்மையில் அது காபிக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த தெரு, படம்பிடித்ததோ இஸ்ரேலில். லெபனான் சுற்றுலா அமைச்சர் வழக்குப் போடுவேன் என்று கிளம்பினார். 2015இல் நடந்தது அதைவிடக் கூத்து. அகதி முகாம் செட்டுக்கு அரபுக் கிறுக்கல் வேண்டுமென்று ஓவியர்களை அழைத்தார்கள், அவர்கள் 'ஹோம்லேண்ட் இனவெறி பிடித்தது' என்றே சுவரில் எழுதிவிட்டுப் போக, படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாம் தாண்டி அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது! இத்தனை வருடம் அரபுலகத்தைப் பற்றித் தொடர் எடுத்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சுவரைப் படித்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்தவன்தான் நான். 2021இல் 'தி ஃபேமிலி மேன்' என்ற இந்தி ஒற்றர் தொடரின் இரண்டாம் சீசனில் சமந்தாவுக்குக் கருப்பு பூசி ஈழப் போராளியாக்கியபோதுதான் சுருக்கென்றது. தமிழக அரசே தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. தடை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கோபம் புரிந்தது.

பெண் ஒற்றர் விஷயத்திலும் இதே சோம்பல்தான். 'ஹோம்லேண்ட்' நாயகி, சிஐஏ அதிகாரி கேரி எல்லாருக்கும் முன்னால் உண்மையைக் கண்டுபிடிப்பாள், ஆனால் அவளுக்கு பைபோலார் என்ற மனநோய் இருந்தாக வேண்டும், சந்தேகப்படும் ஆளையே காதலிக்கவும் வேண்டும். பெண்ணுக்கு வெறும் மூளை மட்டும் இருந்தால் கதை நகராதாம். நிஜத்தில் ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற பெண் டெல்லியில் பகுதிநேர எழுத்தராகத் தொடங்கி, 1992இல் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5க்கே தலைவரானார். கோப்புகளைப் புரட்டிப் புரட்டி மேலே வந்த அப்படி ஒருத்தியைத் தொடரில் பார்ப்பது அபூர்வம்.

'தி அமெரிக்கன்ஸ்' தொடர் மட்டும் கொஞ்சம் வேறு. அமெரிக்கர்களாக வேடமிட்டு வாழும் சோவியத் ஒற்றர் தம்பதியின் கதை அது. அதில் மனைவிதான் கொள்கைப் பிடிவாதக்காரி, அமெரிக்க வாழ்க்கையில் சொக்கிப்போய்த் தடுமாறுபவன் கணவன். ரஷ்யர்கள் தங்களுக்குள் ரஷ்ய மொழியிலேயே பேசுவார்கள், கீழே சப்டைட்டில் ஓடும். சோவியத் தூதரகக் காட்சிகளில் யாரும் முறைத்துக்கொண்டு நிற்பதில்லை. பதவி உயர்வு, காதல், மேலதிகாரி தொல்லை என்று எல்லா அலுவலகத்தையும் போலத்தான் இருக்கும்.