இரத்தக் கொதிப்பும் ஒரு கிலோ உப்பு பாக்கெட்டும்

இரத்தக் கொதிப்புக்கு இயற்கை வைத்தியம் என்று தினம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. வெறும் வயிற்றில் பூண்டு, முருங்கைக்கீரைச் சாறு, செம்பருத்திப்பூ டீ, மருதம்பட்டைக் கஷாயம். நான் இவற்றுக்கு எதிரி இல்லை. பூண்டு கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. என் எரிச்சல் வேறு. இதை எல்லாம் தேடித் தேடி அனுப்புகிறவர்கள் உப்பைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. திறந்தாலும் 'இந்துப்புக்கு மாறுங்கள்' என்பார்கள்.

இந்துப்பும் உப்புதான். நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், விலை நிறைய மாறி இருக்கும், உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுக்க அதே சோடியம் குளோரைடு.

ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்சர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எதுவும் சேரவில்லை.

நம் வட ஆற்காட்டு நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. களி மேல் குற்றமில்லை. கருவாடு உப்பிலேயே கிடந்து காய்ந்தது, அது போதாதென்று குழம்புக்குத் தனியாக ஒரு கைப்பிடி. குடியாத்தத்தில் என் சித்தி வைக்கிற முறையே வேறு. கருவாட்டை வெந்நீரில் போட்டு அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். குழம்பு கொதித்து வரும்போது கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் உப்பு ஜாடி பக்கம் போவார். பாதி நாள் அதைத் திறக்கவே மாட்டார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கொதிப்பு வைத்தியம் எந்த ஃபார்வர்டிலும் வந்ததில்லை.

இதில் இன்னொரு சங்கதி. வீட்டில் ஆம்பளைக்கு பி.பி. என்றால் அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக் குழம்பில் உப்பு போடுவார்கள். சமைக்கிற பெண்ணுக்கே பி.பி. என்றால்? யாரும் எடுத்து வைப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "எனக்கு ஒருத்திக்காக வீடே சப்புனு சாப்பிடணுமா தம்பி?" என்றார். ஏன் கூடாது? சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், அப்புறம் பழைய உப்பைப் போட்டால்தான் கரிக்கும். தனிக் கிண்ணம் எத்தனை நாளைக்கு ஓடும்? வீட்டுக்கே குறைத்தால்தான் நிற்கும்.

நடையும் இதே கதைதான். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் காலையில் நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள். அந்த நேரத்தில் பெண்கள் டிபன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடந்தால் பி.பி.யின் மேல் அளவு ஐந்து, ஆறு புள்ளி இறங்க வாய்ப்பு உண்டு. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி. குடிப்பவர் குடியைக் குறைத்தால் அதற்கும் பலன் தெரியும். சேர்த்துச் செய்தால் நல்ல இறக்கம்தான். ஆனால் 180-ல் இருப்பவர் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

'நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இல்லை' என்பவர்களுக்கு சர்ப்பகந்தா கதையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு வேர். அது கொதிப்பைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு உலகம் முழுக்க மாத்திரையாகப் போனது. வேலை செய்தது. கூடவே சோர்வு, மூக்கடைப்பு, சிலருக்கு மனச்சோர்வு. வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவு இருக்கத்தான் செய்யும். இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் இருக்கிறதே, அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் இறங்கி பி.பி. ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் ஏற்றும். சித்த மருந்து வேண்டுமென்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள், சாப்பிடுகிற ஆங்கில மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் வருகிறது, அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனக் கிராமங்களில் அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது, பக்கவாதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது, பொட்டாசியம் உடம்பில் தேங்கிவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாறக் கூடாது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, அதைத் தினமும் குடிப்பவர்களுக்கும் இதே பேச்சு.

மாத்திரையை நிறுத்துபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அம்லோடிபின் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். கூட்டத்தில் இரண்டு நிமிடம் பார்க்கும் டாக்டரிடம் இதைச் சொல்லத் தயங்கி, வீட்டுக்கு வந்து சூரணத்துக்கு மாறிவிடுகிறார்கள். சொன்னால் வேறு மாத்திரை தருவார், அவ்வளவுதான். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள், கொண்டுவருபவரிடம் சொன்னாலும் போதும்.

தலை சுற்றவில்லை, அதனால் பி.பி. இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். கீரைச் சாறு குடிப்பவர்கள் தாராளமாகக் குடியுங்கள், மாத்திரையோடு. அளவு நிஜமாகவே இறங்கியிருந்தால் அந்த நோட்டைப் பார்த்து டாக்டரே மாத்திரையைக் குறைப்பார்.