மூன்று முறை பிரித்தார்கள், ஒருவரும் அளக்கவில்லை

"வண்டிக்கு வயதாகிவிட்டது அண்ணே. இதற்கு மேல் காசைக் கொட்டாதீர்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்."

இந்தப் பேச்சை இனி ஒரு மெக்கானிக் என்னிடம் பேசினால் அந்த இடத்திலேயே சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். வயதானது வண்டிக்கு இல்லை. பிரித்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி அது) என்ன தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சோம்பல்பட்டவன், தன் சோம்பலுக்கு வண்டியின் வயதைக் காரணம் சொல்கிறான்.

என்னுடையது 1994ஆம் ஆண்டு மஹிந்திரா எம்எம் 540. அப்பா வாங்கியது. கேரளப் பக்கம் பூப்பாறைக்கு உள்ளே எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டர் பாதையில் இன்றைக்கும் வேறு வண்டி ஏறாது. மழைக்காலத்தில் அது பாதையே இல்லை, ஓடை. பறித்த பச்சைக்காயை அன்று மாலையே ஸ்டோருக்குக் கொண்டுவந்து உலர்த்தியாக வேண்டும். தாமதித்தால் காயின் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் கிடைக்கும். அப்படியிருக்க, பறிப்புக் காலத்தில் ஜீப் பட்டறையில் கிடந்தால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன ஆண்டு மட்டும் என் ஜீப் மூன்று முறை பட்டறையில் கிடந்தது. மூன்று முறையும் ஒரே கோளாறு.

முதலில் அது சின்னதாகத்தான் தொடங்கியது. தோட்டத்திலிருந்து இறங்கும்போது லோ கியருக்கான குச்சி கையில் லேசாக உதறும். ஏறும்போது ஒன்றும் இருக்காது, இறங்கும்போது மட்டும்தான். இதைத் தெளிவாகச் சொல்லித்தான் எங்கள் பக்கத்து ஊர்ப் பட்டறையில் வண்டியை விட்டேன். அவர் மலையாளி, கைவேலை தெரிந்தவர் என்று பெயர். "ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது" என்று குச்சிக்குக் கீழே இருக்கும் குண்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றித் தந்தார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு குச்சி மறுபடியும் உதறியது, முன்னைவிட வேகமாக.

"இறங்கும்போது மட்டும்" என்று ஒருவன் சொன்னால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பற்களின் மேல் விழும் அழுத்தம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. உள்ளே ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆட இடமிருந்தால் அந்த நேரத்தில்தான் அது நகரும், நகர்ந்து கியரைப் பிடியிலிருந்து வெளியே தள்ளும். ஸ்பிரிங் குண்டு அதைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கதவின் கீல் கழன்றிருக்கும்போது தாழ்ப்பாளை மாற்றியது போன்ற வேலை அது. இதை எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. மூன்று ரிப்பேர் காசு கொடுத்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை மலை இறங்கித் தேனிப் பக்கம் ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். போனதும் முதல் கேள்வி: "கேரளாக்காரனிடம் கொடுத்தீர்களா?" ஆமாம் என்றேன். "அதுதான், அவன் கெடுத்துவிட்டான்." பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது! பின்னால் ஒருமுறை மேலே வந்தபோது முதல் பட்டறைக்காரர் சொன்னார்: "போடிக்காரனிடமும் தேனிக்காரனிடமும் ஏன் போனீர்கள், அவர்கள்தான் கெடுத்திருக்கிறார்கள்." கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கத்தவனைச் சொல்கிறான், அந்தப் பக்கத்தவன் இந்தப் பக்கத்தவனைச் சொல்கிறான். நடுவில் காசு கட்டுகிறவன் நான். பல்சக்கரத்துக்குத் தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

தேனியில் பெட்டியை இறக்கினார்கள். ஒன்பது நாள். பேரிங் புதிது, ஆயில் சீல் புதிது, கேஸ்கட் புதிது என்று பில் வந்தது. 14,200 ரூபாய். பழைய பாகங்களைக் கேட்டேன். "குப்பையில் போட்டுவிட்டோம்" என்றான் அங்கே இருந்த பையன். என் வண்டியின் பாகத்தை என்னைக் கேட்காமல் குப்பையில் போட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பழைய பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றினாலே அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மருந்துச்சீட்டை மட்டும் நீட்டினால் ஒப்புக்கொள்வோமா?

ஆகஸ்டில் அது நடந்தது.

அன்று மாலை தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் ஆறு மூட்டைப் பச்சைக்காய், பறிப்புக்கு வந்த பெண்கள் ஐந்து பேர். மழை நின்று அரைமணி ஆகியிருந்தது. லோ கியர், இரண்டாவது. பலா மரத்துக்குக் கீழே பாதை சட்டென்று சரியும் இடம் வந்ததும் குச்சி டக்கென்று துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. அந்த ஓசை இப்போதும் காதில் இருக்கிறது. இறக்கத்தில் முனகிக்கொண்டிருந்த எஞ்சினின் குரல் ஒரே நொடியில் அடங்கி, வீட்டு வாசலில் நிற்கும் வண்டிபோல் அமைதியாக ஓடியது. வண்டி மட்டும் வேகமெடுத்தது. கால் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் நின்றது, சேற்றில் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. கைப்பிரேக்கை முழுவதும் இழுத்தேன். ஒன்றுமே பிடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பி மண்சுவரில் வண்டியைச் சாய்த்தேன். இடது விளக்கும் மட்கார்டும் போயின. ஒருவருக்கும் காயமில்லை. அதிலே மூத்தவர், என் அம்மாவின் வயது, இறங்கிப்போய் ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, "தம்பி, நாங்கள் நடந்தே இறங்கிக்கொள்கிறோம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால். வலது பக்கம் இரண்டடியில் பள்ளம்.

கைப்பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதை நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். இந்த வகை ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் வாயில் இருக்கும் டிரம்மில் இருக்கிறது. அந்த வாயில் ஆயில் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் போகும், பிரேக் கட்டை ஊறிப்போகும். கியரைத் துள்ளவைத்த அதே ஷாஃப்ட்தான் ஆடி ஆடிச் சீலையும் கெடுத்தது. எந்த நேரத்தில் கைப்பிரேக் தேவையோ, அந்த நேரத்தில் அதையும் சேர்த்துப் பறித்துவிட்டது. ஒரே தேய்மானம், இரண்டு ஆபத்து. தேனியில் "சீல் புதிது" என்று என்னிடம் காசு வாங்கினார்களே, அந்தச் சீல் உட்காரும் யோக்கின் (ஷாஃப்ட்டின் முனையில் மாட்டும் இரும்புத் துண்டு) மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்திருந்தால் போதும். பழைய சீல் உரசி உரசி அதில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் விழுந்த யோக்கில் எத்தனை புதிய சீல் போட்டாலும் ஒழுகும். நகம் எல்லோரிடமும் இருக்கிறது. இழுத்துப் பார்க்க ஒரு நொடி ஆகுமா?

மூன்றாவது முறை வேறு ஒருவரிடம் கொடுத்தேன், அவரும் "பேரிங் மாற்றிப் பார்ப்போம்" என்றுதான் ஆரம்பித்தார், பிரித்துப் போட்டார், பன்னிரண்டு நாள் தொடவில்லை, முதலில் நான் எழுதிய அந்தப் பேச்சைப் பேசியவர் அவர்தான். பாகங்களை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சாக்கைத்தான் போடியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் முதலில் பெட்டியின் அடியில் தேங்கிய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றினார். துணியில் பொன்தூள்போல் மின்னியது. காந்தத்தை மேலே காட்டினார். கொஞ்சம்தான் ஒட்டியது, மீதி மின்னிக்கொண்டே கிடந்தது. "ஒட்டாதது பித்தளை. நடு ஷாஃப்ட்டின் வாஷர் அரைபட்டிருக்கிறது" என்றார். வாஷரை எடுத்துப் பார்த்தால் அப்படியே. அந்த வாஷர் சுழலாமல் இருக்க ஓரத்தில் ஒரு நாக்கு உண்டு. நாக்கு உடைந்து வாஷர் தானும் சேர்ந்து சுழன்று அரைபட்டிருக்கிறது. நடு ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசிபோன்ற சின்ன உருளைகள் ஓடிய இடமெல்லாம் கோடு கோடாகக் குழி. பின் ஷாஃப்ட்டின் மூடிக்கு அடியில் ஷிம் தகடுகள் வேண்டியதைவிட இரண்டு கூடுதலாக இருந்தன. யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. ஷாஃப்ட் எவ்வளவு ஆடலாம் என்பதை முடிவு செய்வதே அந்தக் காகித மெல்லிய தகடுகள்தான்.

பிறகு பின் ஷாஃப்ட்டைப் பழைய நிலையில் பொருத்தி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தார். என் ஜீப்புக்கு மூலமான வில்லிஸ் ஜீப்பின் காலத்துக் கையேடு சொல்லும் ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.1 முதல் 0.2. என் வண்டியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! முள் நகர்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த முள்ளைப் பார்க்க எனக்கு ஓர் ஆண்டும், ஒரு விளக்கும், ஐந்து பெண்களின் உயிர் பயமும் தேவைப்பட்டது.

இதில் புரியாத தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது? 1940களின் கடைசியில் மும்பையில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் இதே வம்சத்துப் பெட்டிகள்தான் ஓடுகின்றன. கணினி இல்லை, சென்சார் இல்லை. இரும்பு, பித்தளை, எண்ணெய். விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறுகின்றனவே, அவற்றை எல்லாம் பழுது பார்ப்பவர்கள் இவர்கள்தான். எனக்கு நெஞ்சு பதறுவது அதை நினைத்துத்தான். என் வண்டிக்குச் செய்ததைத்தானே அந்த வண்டிகளுக்கும் செய்வார்கள்?

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டு பெட்டி, எண்ணெய் ஊற்ற இரண்டு மூடி. என் வண்டியில் பின் பெட்டியின் மூடி பெயின்ட் கூட உரியாமல் இருந்தது. அதாவது எந்தப் பட்டறையிலும் அதைத் திறக்கவே இல்லை. முன் பெட்டியில் ஊற்றினால் பின்னாலும் போய்விடும் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். நடுவிலிருக்கும் பேரிங் வழியாகக் கொஞ்சம் கசியும் என்பது உண்மை. கசிவை நம்பியா எண்ணெய் ஊற்றுவது? கிரவுனுக்கு (சக்கர அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஊற்றும் எண்ணெயையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றுகிறார்கள். பித்தளை வளையம் இருக்கும் கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4, கிரவுனுக்கு ஜிஎல் 5 என்று எண்ணெயின் ரகமே வேறு. எந்த ரகம் என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது.

டயரைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் ரீட்ரெட் செய்த டயர், பின்னால் புதியது என்று நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். நான்கு சக்கரமும் பூட்டிய நிலையில் முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் அந்த முறுக்கம் முழுவதும் இந்தப் பெட்டியில்தான் விழும். தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டினாலும் அப்படியே. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் எந்த மெக்கானிக்கும் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றியோடு கேட்டிருப்பேன்.

நடு ஷாஃப்ட்டுக்கு இப்போது கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர வேண்டும். வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த ஷாஃப்ட்டின் தடிமன் முக்கால் அங்குலத்தில் தொடங்கி ஒன்றேகால் அங்குலம் வரை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் பெரியவர் பழைய ஷாஃப்ட்டை அளந்து, அளவை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்து, "இதைச் சொல்லி வாங்குங்கள், ஜீப் ஷாஃப்ட் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். ஓராண்டில் எனக்கு எழுத்தில் கிடைத்த முதல் அளவு அதுதான். அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பெட்டியை மூடுகிறார். ஷிம்மைச் சரிசெய்து மறுபடியும் டயல் கேஜ் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண்களைத் தோட்டத்துக்குக் கூப்பிடப் போகிறேன்.